களமும் கூடமும்

பங்குனி பிறந்துவிட்டால் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் உழவுத் தொழில் ஓய்ந்துவிடும். கேழ்வரகு வீடு சேர்ந்திருக்கும். புளி உலுக்கும் வேலையும் முடியும் தறுவாயில் இருக்கும். கிணறுகளில் நீர் அடிமட்டத்திற்குச் சென்றிருக்கும். மாந்தோப்பு உடையவர்களுக்கு மட்டுமே அப்பொழுது வேலை மிகுதி. மற்றையோர் வானத்தை நோக்கிக் காத்திருக்கும் அந்நாள்களில்தான் திரௌபதி அம்மன் கோயில்களில் கொடி ஏறும். பகலில் பாரதக் கதை சொல்வார்கள். இரவில் கூத்து நடைபெறும். அருச்சுனன் தவம் செய்ய உயரமான மரத்தில் ஏறுவதையும், மண்ணால் செய்த துரியோதனன் உருவம் படுகளத்தில் கிடப்பதையும் காண அக்கம்பக்கத்து ஊரெல்லாம் திரண்டு வரும்.

என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்குமேல் அக்கூத்தில் திரௌபதி வேடம் பூண்டவர். அரசனாக ஆடுவோர் தோளிலும் தலையிலும் கட்டைகள் அணிந்து, திரைக்குப் பின்னிருந்து ஆரவாரத்தோடு தோன்றுவார்கள். பெண் வேடத்திற்கு அந்த ஆரவாரம் இல்லை. ஒரு சேலை, ஒரு கொண்டை, இரு கால்களிலும் சலங்கை, அவ்வளவே. அவற்றைக் கொண்டே அவர் துகிலுரிதல் இரவில் ஓர் ஊரையே அழச்செய்வார். முன்வரிசைகளில் பாய் விரித்து அமர்ந்து அழுவோரில் பெண்களே மிகுதி. பெண்ணின் துயரத்தை ஆண் ஆடிக் காட்ட, பெண்கள் இருந்து அழுதார்கள். எங்கள் பக்கத்துக் கூத்தில் பெண்கள் ஆடுவது வழக்கமன்று.

என் அக்காள் மகள் இந்த வழக்கத்தோடு மோதினாள். அக்காளும் அவள் கணவரும் பெங்களூரில் கட்டட வேலை செய்பவர்கள். தருமபுரியிலிருந்து அவ்வேலைக்குச் செல்வோர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் பலருடைய பிள்ளைகள் ஊரில் பாட்டன் பாட்டியரிடமே வளர்கின்றனர். பென்னாகரத்தை அடுத்த எங்கள் ஊரில், தாத்தாவின் சலங்கை ஒலியைக் கேட்டே அவளும் வளர்ந்தாள். பத்து வயதிற்குள் அவர் கால் வைக்கும் முறையெல்லாம் அவளுக்குப் பாடமாகிவிட்டது. ஒரு நாள், “தாத்தா, நானும் களத்தில் ஏறி ஆடுகிறேன்” என்று கேட்டாள். அவர் முகம் கறுத்துவிட்டது.

“ஆணாகிய நான் சேலை கட்டியதற்கே ஊர் என்னை என்னென்ன பேசியது, தெரியுமா கண்ணு? விடியவிடிய ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கண்களுக்கு முன்னே உன்னை நிறுத்தமாட்டேன்” என்றார்.

அவர் சொல்லில் இகழ்ச்சி இல்லை, அச்சமே இருந்தது. கூத்தாடி என்னும் சொல்லை நம் மக்கள் வசைச்சொல்லாக வழங்குவதை அவர் வாழ்நாள் முழுதும் கேட்டவர். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கட்டைக்கூத்துக் குருகுலத்தில் சிறுவரோடு சிறுமியரும் கூத்துப் பயின்றனர் என்று நான் எடுத்துக் கூறினேன். “அது காஞ்சிபுரம், இது நம் ஊர்” என்று கூறி அவர் எழுந்து சென்றுவிட்டார்.

வாயில் அடைபட்டால் நீர் வேறு வழி தேடும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த வேனில் விடுமுறையில், பெற்றோரிடம் போகவிருந்த அப்பெண், பெங்களூரில் நான்கு வாரம் பாலே நடனப் பயிற்சி நடைபெறுவதைக் கைப்பேசியில் கண்டு என்னிடம் காட்டினாள். கால் விரல் நுனியில் நின்று ஆடும் மேனாட்டு ஆட்டம் அது. கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியை விழுங்கிற்று. ஆயினும் நான் மறுக்கவில்லை. தாய்மாமன் என்னும் உறவு எதற்காக இருக்கிறது?

தந்தையார் இரண்டே கேள்விகள் கேட்டார்.

“இரவில் ஆட வேண்டுமா?”

“இல்லை அப்பா. காலை ஒன்பது மணி முதல் நண்பகல் வரை.”

“பார்ப்பவர்கள் யார்?”

“ஆசிரியையும் உடன் பயிலும் பிள்ளைகளுமே.”

“அப்படியானால் போகட்டும்” என்றார்.

தருமபுரியில் இரயில் ஏறிப் பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூர் சேர்ந்தோம். முதல் வாரம் நானும் அங்கே தங்கினேன். பயிற்சி நடைபெற்ற இடம் ஒரு நீண்ட கூடம். தரை மரப்பலகையால் ஆனது. ஒரு சுவர் முழுவதும் கண்ணாடி. எதிர்ச்சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக்கம்பி. உடன் பயின்ற பெண்கள் காரில் வந்து இறங்கினார்கள். ஆங்கிலத்திலேயே சிரித்துப் பேசினார்கள். எங்கள் பெண்ணோ கட்டடத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தாள். எனினும் கம்பியைப் பிடித்து நிற்கும்பொழுது கார் வைத்திருப்பவர் கால் என்றும் இல்லாதவர் கால் என்றும் வேறுபாடு தெரிவதில்லை. அக்கூடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பயிற்சியின் தொடக்கமே கம்பியைப் பற்றிக்கொண்டு முழங்காலை மடக்கி எழுவதுதான். இரு பாதங்களும் வெளிப்புறம் நோக்கியிருக்க, முழங்கால்கள் பக்கவாட்டில் விரியும். அதைக் கண்டதும் நம் பரதநாட்டியத்தின் அரைமண்டி நினைவுக்கு வந்தது. இரண்டிலும் ஒரே எச்சரிக்கை உண்டு: திருப்பம் இடுப்பில் தொடங்க வேண்டும்; பாதத்தை மட்டும் திருகினால் முழங்கால் கெடும். அடவுகளுக்குச் சொற்கட்டு இருப்பது போலப் பாலேயின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு பெயர் உண்டு. அப்பெயர்களெல்லாம் பிரெஞ்சுச் சொற்கள். இத்தாலிய அரண்மனைகளில் தோன்றிய இவ்வாட்டம் பிரான்சில் வளர்ந்தமையே அதற்குக் காரணம். தாமே ஆடவல்லவரான பதினான்காம் லூயி மன்னர் 1661ஆம் ஆண்டில் பாரிசில் நடனத்திற்கென ஒரு கழகம் நிறுவினார்.

விரல் நுனியில் நிற்பதற்குரிய காலணியை எங்கள் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. அதன் முனை மரத்தால் ஆனது என்று நான் எண்ணியிருந்தேன். உண்மையில் துணியையும் தாளையும் பசையிட்டு அடுக்கி இறுகச் செய்கிறார்கள். எலும்பு ஓரளவு முற்றி, கணுக்காலும் பாதமும் சில ஆண்டுப் பயிற்சியால் உரம் பெற்ற பின்னரே அதை அணிய விடுவது முறை. நான்கு வாரத்தில் அது கிட்டாது என்று ஆசிரியை முதல் நாளே கூறிவிட்டார். அந்த நேர்மை எனக்கு நிறைவளித்தது.

துன்பம் வேறு வழியில் வந்தது. கூத்தில் கால் தரையை அறைய வேண்டும். கடைசி வரிசையில் உறங்குபவனும் சலங்கை ஒலி கேட்டு விழிக்க வேண்டும். பாலேயிலோ மேலே தாவியவர் ஓசையின்றித் தரையிறங்க வேண்டும். உடலுக்கு எடையே இல்லை என்று காண்போர் மயங்க வேண்டும். எங்கள் பெண் தாவி இறங்கும்பொழுதெல்லாம் பலகை அதிர்ந்தது. “உன் காலோசை எனக்குக் கேட்கக் கூடாது” என்று ஆசிரியை அன்பாகத்தான் கூறினார். அன்று இரவு அவள் உண்ணவில்லை.

“மாமா, தாத்தாவின் கால் என் காலுக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுத்துப் போட்டால்தான் இந்த ஆட்டம் வருமாம்” என்று அழுதாள்.

நான் அவளுக்கு உருக்குமணி தேவியின் வரலாற்றைக் கூறினேன். மதுரையில் 1904ஆம் ஆண்டு பிறந்த அவ்வம்மையார், 1928இல் உருசிய நாட்டுப் பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைக் கண்டு உள்ளம் பறிகொடுத்தார். பின்னர் ஆசுத்திரேலியா சென்ற கப்பலில் பாவ்லோவாவும் உடன் பயணம் செய்தார். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி என்பவரிடம் உருக்குமணி தேவி பாலே பயின்றார். தம் நாட்டு ஆடற்கலையில் ஊக்கம் தேடுமாறு அவருக்கு அறிவுரை கூறியவரும் பாவ்லோவாவே. பிற்பாடு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிராட்டம் கற்று, 1935இல் அடையாற்றில் அரங்கேறி, 1936இல் கலாசேத்திரத்தை நிறுவினார். சதிரை வழிவழியாகக் காத்துவந்த இசைவேளாளர் குலப் பெண்கள் அன்று பழிச்சொல்லுக்கு ஆளாகி ஒதுக்கப்பட்டிருந்தனர் என்பதையும் மறைக்காமல் கூறினேன். அவர்களை மறந்துவிட்டு அம்மையாரை மட்டும் புகழ்வது எனக்கு உடன்பாடன்று.

“அவர் பாலேயை விட்டுவிட்டாரே, நானும் விட வேண்டுமா?” என்று கேட்டாள்.

“விடவும் வேண்டா, காலைக் கழற்றவும் வேண்டா. ஓசையோடு இறங்கத் தெரிந்தவள், ஓசையின்றி இறங்கவும் கற்றுக்கொள்” என்றேன். அவள் முழுதும் ஒப்பவில்லை. ஆயினும் மறுநாள் சென்றாள்.

ஊர் திரும்பிய நான் தந்தையாருக்குப் பாலேயின் வரலாற்றைக் கூறியபொழுது, ஒரு செய்தியைக் கேட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாரிசு நகரத்து ஆடலரங்கில் தொடக்கத்தில் ஆண்களே முகமூடி அணிந்து பெண் வேடத்தையும் ஆடினார்கள்; 1681ஆம் ஆண்டில்தான் அவ்வரங்கில் தொழில்முறைப் பெண்கள் முதன்முதல் ஆடினார்கள் என்பதே அது.

“அங்கேயும் நம்மைப் போலத்தானா? பெண்கள் வந்தபின் அந்த ஆண்கள் என்ன ஆனார்கள்?” என்று வினவினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேரி தாலியோனி போன்ற பெண்கள் பெரும்புகழ் பெற்றமையால், ஆண்கள் அவர்களைத் தாங்கிப் பிடிக்கும் அளவிற்குக் குறைந்தார்கள். 1870இல் பாரிசில் முதன்முதல் நிகழ்ந்த ‘கொப்பேலியா’ என்னும் ஆடலில் காதலன் வேடத்தையே ஒரு பெண் பூண்டாள் என்றேன். தந்தையார் வாய்விட்டுச் சிரித்தார். நெடுநாளைக்குப் பின் அவர் அவ்வாறு சிரித்தார்.

பெங்களூரில் அக்காளுக்கு வேறு கவலை. “இதெல்லாம் பணக்காரர் ஆட்டம் அல்லவா?” என்று தொலைபேசியில் கேட்டாள். மும்பைப் பக்கத்தில் வெல்டிங் தொழிலாளி ஒருவரின் மகனாகிய அமிருத்தீன் சா 2017இல் இலண்டன் இராயல் பாலே பள்ளியில் சேர்ந்ததையும், தில்லியில் ரிக்சா ஓட்டுநர் மகனாகிய கமல்சிங் 2020இல் இலண்டனிலுள்ள மற்றொரு புகழ்பெற்ற பாலே பள்ளிக்குத் தேர்வானதையும் கூறினேன். “அவர்கள் ஆண் பிள்ளைகள்” என்றாள் அக்காள். அதற்கு என்னிடம் விடை இல்லை.

நான்காம் வார இறுதியில் பெற்றோருக்காக ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. அக்காளும் கணவரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் அமர்ந்தார்களாம். மகள் தாவி இறங்கியபொழுது ஓசை கேட்கவில்லை என்று அக்காள் வியந்து கூறினாள்.

வைகாசியில் அவள் ஊர் வந்தாள். கேழ்வரகு அடிக்கும் களத்தில் ஒரு மாலை, பாலேயில் சுழல்வது எப்படி என்று தாத்தாவிற்குக் காட்டினாள். பார்வையை ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். உடல் திரும்பினும் முகம் இயன்றவரை பின்தங்கி, பின்பு விரைந்து திரும்பி அதே இடத்தைப் பற்ற வேண்டும். அவ்வாறு செய்தால் தலை சுற்றாது என்றாள்.

“இதற்கா அவ்வளவு பணம் கொடுத்தாய்?” என்று தந்தையார் என்னைப் பார்த்தார். “நான் பெட்ரோமாக்சு விளக்கைப் பிடித்துக்கொள்வேன். பந்தல் மூங்கிலில் தொங்குமே, அந்த விளக்கை. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கண் அதைத்தான் தேடும்” என்றார். பிறகு மெல்ல எழுந்து, வலிக்கும் முழங்காலோடு களத்தின் நடுவில் நின்றார். “தோளைத் தூக்காதே கண்ணு. சேலைத் தலைப்பு ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்” என்றார்.

அன்று முதல் மாலைதோறும் பாடம் நடக்கிறது. அவள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அடுத்த வேனிலிலும் பெங்களூர் செல்ல வேண்டும் என்கிறாள். நானும் மாதந்தோறும் சிறிது பணம் ஒதுக்கி வைக்கிறேன். இதற்கிடையில் தந்தையார், எவரிடமும் கூறாமல், கூத்து வாத்தியாரைச் சென்று பார்த்து வந்திருக்கிறார். முன்னிரவில், ஊர் விழித்திருக்கும்பொழுதே, தோழி வேடம் ஒன்று தரலாம் என்றும், ஊர்ப் பெரியவர்கள் ஒப்பினால்தான் அதுவும் என்றும் வாத்தியார் சொன்னாராம். பெரியவர்கள் இன்னும் விடை கூறவில்லை.

“தோழியா? எனக்குத் திரௌபதி வேண்டும்” என்று அவள் சினந்தாள்.

“ஏழு ஆண்டு தோழியாக நின்றேன் நான். முதலில் நிற்கக் கற்றுக்கொள்” என்றார் தந்தையார்.