தாலிக்கு முன் ஒரு கையெழுத்து

முதலாம் ஆண்டு மாணவர் பதிவின்போது, லாபு தோட்டத்துத் தாய் ஒருவர் மகனின் பிறப்புப் பத்திரத்தைத் தயங்கியவாறே நீட்டினார். தந்தை பெயருக்குரிய இடத்தில் தகவல் இல்லை.

“கோயிலில்தானே தாலி கட்டினோம், ஐயா!” என்றார். அருகில் நின்ற சிறுவனோ அப்பா பெயரை உரக்கச் சொன்னான். அதனை எழுத என்னால் இயலவில்லை.

1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, நம் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவில்லையேல், இருவரும் சேர்ந்து கேட்டாலன்றித் தந்தை பெயர் ஏறாது. பிள்ளையின் குடியுரிமையும் தாயைப் பொறுத்தே அமையும். தாய் குடியுரிமை அற்றவரானால் பெருஞ்சிக்கல்.

பெற்றோரே, தேசியப் பதிவிலாகாவில் மனு செய்தபின் அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்டிருக்கும். 21 வயது நிரம்பாதோர்க்குப் பெற்றோர் சம்மதமும் தேவை. ஆதலால், மண்டபத்திற்கு முன்பணம் கட்டும் முன்னரே அங்குச் செல்லுங்கள்.