அவரவர் காலடி

நான் போனபோது சிலம்ப வாத்தியார் கம்பு வாட்டிக்கொண்டிருந்தார். திருப்புவனத்தைத் தாண்டி, வைகையை ஒட்டிய தென்னந்தோப்பு. தேங்காய்மட்டைத் தணலில் மூங்கிலின் வளைந்த இடத்தை மட்டும் காட்டுவார், உருட்டுவார், எடுத்துத் தொட்டுப் பார்ப்பார். பதம் வந்ததும் கம்பை வேப்பமரக் கவட்டைக்குள் கொடுத்து, உடம்பின் கனம் முழுவதையும் சாய்த்து அழுத்திப் பிடிப்பார். சூடு ஆறும்வரை பிடி தளராது. சூட்டில் இளகிய நார் ஆறும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே இறுகிவிடும். நிமிர்ந்த கம்பில் விளக்கெண்ணெயைத் துணியால் தேய்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். ஒரு கம்புக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

எல்லாம் கல்மூங்கில். உள்ளே பொந்து அதிகம் இல்லாத ரகம். மார்கழி, தை மாதங்களில் வெட்டியதைத்தான் வாங்குவாராம். ஈரமும் மாவுச்சத்தும் குறைவாக இருக்கும் காலத்தில் வெட்டினால் வண்டு துளைக்காது. தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்றும் சொன்னார். அவருடைய வாத்தியார் சொன்னது அது. இவர் இன்றுவரை மாற்றவில்லை.

வீட்டுச் சுவரில் கரிக்கோடுகள். இரண்டரை அடியில் தொடங்கி ஐந்தே முக்கால் அடி வரைக்கும் நாற்பது, ஐம்பது இருக்கும். ஒன்றிலும் பெயர் இல்லை. வருகிறவரைச் சுவரோடு நிறுத்தி, நெற்றிப்பொட்டு உயரத்தில் கோடு போட்டு, அந்த அளவுக்குக் கம்பு நறுக்குகிறார். பிள்ளை வளர்ந்தால் கோடும் ஏறும், கம்பும் மாறும்.

அவருக்கு வயது அறுபத்தெட்டு. தொழில் கொத்தனார் வேலை. சிமெண்ட் அரித்த விரல்கள். கம்பு எடுத்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு போட்டியிலும் கலந்துகொண்டதில்லை, ஒரு பதக்கமும் கிடையாது. இதைக் கேள்விப்பட்டுத்தான் தேடிப் போனேன்.

காரணம் இருக்கிறது. பதினான்கு வயதில் கம்பைக் கீழே வைத்தவன் நான். இரண்டு வருடம் விடிவதற்குள் எழுந்து பழகியிருந்தேன். ஒரு போட்டியில் எதிராளியின் கம்பு என் இடுப்பைத் தொட்டது. புள்ளி அவனுக்கு. வெளியே வந்தபோது என்னை அழைத்துப்போன பயிற்சியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் முதல் நான் போகவில்லை. தோற்றவனுக்குக் கம்பில் என்ன வேலை என்றுதான் அன்றைக்குப் புரிந்துகொண்டேன். இருபத்தேழு வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறரை மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சூளையிலிருந்து நேராக வந்தவர்கள், சித்தாள் வேலை முடித்தவர்கள், பள்ளிப் பையோடு வந்த பிள்ளைகள். எல்லோரும் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு களத்தில் இறங்கினார்கள். புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்களுக்குக் கையில் கம்பு இல்லை. மூன்று மாதம் காலடி மட்டும்தான். முன்னே வைத்து, பின்னே வாங்கி, திரும்பி, மறுபடி முன்னே. மண்ணில் அவர்கள் மிதித்த தடம் கோலம் போலப் பதிந்திருந்தது.

"கம்பு சுத்துறது கைன்னு நெனப்பாங்க தம்பி. கால் போற எடத்துக்குத்தான் கை போகும்" என்றார் வாத்தியார்.

பெரியவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். முதலில் சலாம் வரிசை: மண்ணுக்கும் வாத்தியாருக்கும் நான்கு திசைக்கும் நிற்கிறவர்களுக்கும் கம்பாலேயே வைக்கும் வணக்கம். வந்தவர் யாரிடம் பழகினார் என்பதை இந்த வணக்கத்திலேயே சொல்லிவிடலாம் என்பார்கள். இங்கே எல்லோருக்கும் ஒரே வாத்தியார். வணக்கம் முடியும்வரை ஒன்றுபோலத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒருவர் ஆட்டம் இன்னொருவருடையதுபோல இல்லை.

ஒரு கொத்தனார் இறங்கினார். பூச்சு வேலையில் கரண்டியால் சாந்தை அள்ளிச் சுவரில் வீசும்போது மணிக்கட்டு ஒரு சொடுக்குச் சொடுக்குமே, அதே சொடுக்கு அவருடைய ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் இருந்தது. கம்பின் நுனி கடைசி நொடியில் திசை மாறி இறங்கியது. அடுத்து ஓர் அக்கா, நாற்பதைத் தாண்டியவர். மகளைக் கொண்டுவந்து விட வந்தவர், காத்திருந்த நேரத்தில் தானும் பழகியவர். நாற்று நடுகிற வேலை. சேலையைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு இறங்கியவர், முதல் சுற்றிலேயே இடுப்பை மடித்துத் தரையோடு தாழ்ந்தார். அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. கம்பு முழங்காலுக்குக் கீழேயே சுழன்றது. புழுதி எழும்பியது. எதிரே யார் நின்றிருந்தாலும் கணுக்கால் தப்பியிருக்காது. வாழ்நாளெல்லாம் குனிந்து வேலை செய்த இடுப்பு, அந்தக் குனிவையே பலமாக மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்ணெதிரே பார்த்தேன்.

"இது நீங்க சொல்லிக்கொடுத்ததா ஐயா?"

"நான் குடுத்தது நாலு காலடி. மிச்சம் அது கொண்டாந்தது. அதை நிமித்திவிடணும்னு எனக்குத் தோணல."

மூங்கிலை முக்கால் மணி நேரம் போராடி நிமிர்த்துகிறவர் சொன்னது இது.

அக்காவின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மாவட்டப் போட்டிகளில் சான்றிதழ் வாங்கியவள். அவள் ஆட்டம் வேறு வகை. இலேசான பிரம்பு, நிமிர்ந்த உடம்பு, குறுகிய வேகமான வீச்சு. தொடுமுறைப் போட்டியில் தொட்டால்தான் புள்ளி. நீளமாக இழுத்துச் சுற்றுவது நேரத்தைத் தின்னும், விலாவைத் திறந்து காட்டும். ஆகவே போட்டிக்குப் பழகுகிறவர்கள் இயல்பாகவே அதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான மூன்று சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். நாற்று நட்டுப் படிக்க வைக்கும் தாய்க்கு மகள் வாங்கும் அந்தக் காகிதம் நாளைய சோறு. அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். புள்ளி போடத் தெரிந்ததை மட்டுமே சிலம்பம் என்று எண்ணத் தொடங்கினால், அந்தத் தாயின் ஆட்டத்துக்கு எங்கேயும் இடம் இல்லாமல் போகும். அதற்கு எடைப்பிரிவு இல்லை, வயதுப்பிரிவு இல்லை, நடுவர் இல்லை. ஒரே உடம்பில் மட்டும் இருக்கிற ஆட்டம் அது. அவர் கம்பை வைக்கும் நாளில் அதுவும் போய்விடும்.

இந்தச் சிவகங்கைச் சீமையில் ஆயுதம் பழகுவது வெற்றி தோல்விக்காக மட்டும் இருந்ததில்லை. வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பிறகு 1801இல் அதே மருதுவுக்கு எதிரான படையில் அவரும் இருந்தார். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். அதன்பின் ஆயுதங்களைப் பிடுங்கினார்கள். "மாடு மேய்க்கிறவன் கையில இருக்கிற கம்பை எவன் பிடுங்க முடியும்?" என்று வாத்தியார் கேட்டார். அவர் குரலில் இருநூறு வருடத்துக் கோபம் அப்படியே இருந்தது.

எட்டரை மணிக்குப் பிள்ளைகள் போய்விட்டார்கள். வாத்தியார் அப்போதுதான் கம்பு எடுத்தார். தப்பு மேளம் இல்லை, பார்க்கிறவர்களும் நான்கைந்து பேர்தான். திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் ஆடும்போது துண்டு போர்த்துவார்கள், ஊர் பார்க்கும். இது யாருக்கும் காட்டுவதற்கு அல்ல. முதலில் மெதுவாக, கம்பு காற்றில் எழுப்பும் சத்தம்கூட இல்லாமல். முட்டி வலியால் வலது காலை முழுதாக மடக்க முடியவில்லை. மடக்க முடியாத இடத்தில் ஓர் அரைச்சுற்றுச் சுற்றி அந்தக் காலை மீட்டுக்கொண்டார். அந்த அரைச்சுற்று இளவயதில் அவரிடம் இருந்திருக்காது. வேகம் கூடியது. கம்பு மறைந்து வட்டம் மட்டும் தெரிந்தது. பத்து நிமிடம் இருக்கும். நிறுத்தியபோது மூச்சு வாங்கியது. மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார்.

"தெனமும் ஆடுவீங்களா ஐயா?"

"சுவத்துக்கு நாள்பூரா பூசுறேன். அது வீட்டுக்காரனுக்கு. இது எனக்கு."

அவ்வளவுதான் சொன்னார். என் கையில் ஒரு கம்பைக் கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் நீளம். முன்வீச்சு வந்தது, பின்வீச்சில் முழங்கையில் இடித்துக்கொண்டேன். கால் மட்டும் மறக்கவில்லை. வலதை முன்னே வைத்ததும் இடது தானாகப் பின்வாங்கியது. வாத்தியார் திருத்தவில்லை, நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது என்னைச் சுவரோடு நிறுத்தினார். கரியெடுத்து நெற்றிப்பொட்டில் கோடு போட்டார். ஐந்தடி ஓர் அங்குலம். புது மூங்கில் தையில் வரும்.