சேறும் சிங்காரமும்

இங்கிலாந்தின் சமசெற் பகுதியிலுள்ள பில்ரன் கிராமத்துப் பாற்பண்ணையொன்றிலே, 1970ஆம் ஆண்டு கிளாஸ்ரன்பரி இசைவிழா தொடங்கிற்று. அங்கு செல்வோரின் உடையை முதலில் தீர்மானிப்பது மண்ணே. மழை பெய்யின் களிமண் வயல் சேறாகும். பகல் சுட்டாலும் இரவு குளிரும். ஆதலின் மெல்லிய பருத்திச் சட்டை, அதன்மேற் கம்பளி மேலாடை, மடித்தெடுத்துச் செல்லத்தக்க மழையங்கி, முழங்காலளவு றப்பர்ச் சப்பாத்து என்பனவே பட்டறிந்தோர் அணிவன.

2005ஆம் ஆண்டு விழாவில் விளம்பர அழகி கேற் மொஸ் அச்சப்பாத்துடன் சேற்றில் நடந்தார். அதன்பின் அது நாகரிகச் சின்னமாயிற்று. ஆயின் பண்ணைத் தொழிலாளர் தலைமுறைகளாக அதனையே அணிந்து வந்தனர். அவர்தம் கால்களில் எவரும் அழகைக் கண்டிலர். விழாவுக்கு உடை தேர்வோர் கற்கவேண்டிய முதற்பாடம் அவர்களிடமே உண்டு: காலுக்கு இதமானதே கண்ணுக்கும் இனிதாகும்.