காலி மனை எருக்கு

ராஜகீழ்ப்பாக்கத்தில் வேளச்சேரி சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஏதாவது ஒரு தெருவில் இன்னும் ஒரு காலி மனை அகப்படும். மூலைக்கு ஒரு கல் நட்டிருப்பார்கள். மனைக்காரர் வெளியூரில் இருப்பார். மனை முழுக்க எருக்கு. விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள் மாலை கட்டப் பூப் பறிக்க வருவார்கள். மற்ற நாளில் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. சித்திரையில் நாங்கள் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும்போது, ஒரு குடம் நீர் கேளாமல் அது பூத்து நிற்கிறது.

அதன் இலையைத் தேய்த்தால் விரலில் வெள்ளையாக ஒட்டும். உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பூச்சு அது. நாற்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் தாவரங்கள் நீரிலிருந்து கரையேறியபோது முதலில் தேவைப்பட்டது இப்படியொரு மெழுகுத் தோல்தான். ஆனால் அது மட்டும் போதவில்லை. எங்கள் பக்கத்துப் பழைய உறைகிணறுகளின் உட்சுவரில் பெரணி முளைத்திருக்கும். வெளியே கட்டாந்தரையில் அதைப் பார்க்க முடியாது. பெரணியின் ஆண் அணு பெண் அணுவிடம் நீந்தித்தான் போய்ச் சேர வேண்டும். நிலத்துக்கு வந்த பிறகும் கல்யாணத்துக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. மகரந்தமும் விதையும் வந்த பிறகுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது.

அப்போதும் பூ வந்துவிடவில்லை. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட்தான் ஸ்ரீபெரும்புதூர்ப் பாறை அடுக்குகளையும் ஆராய்ந்தவர். இன்று கார் தொழிற்சாலைகள் நிற்கும் அந்த வட்டாரத்தின் பாறைகளில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய இலைகள் பதிந்து கிடக்கின்றன. தொல்தாவர ஆய்வாளர் ஃபெய்ஸ்ட்மான்டல் 1879-ல் அவற்றை விவரித்து வெளியிட்டார். பெரணி, சைகஸ் போன்றவை, ஊசியிலை மரங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன, பூச்செடி இல்லை. அதே 1879-ல்தான் டார்வின் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், பூக்கும் தாவரங்கள் திடீரென்று இவ்வளவு பெருகியது எப்படி என்ற புதிரைச் சொல்லித் தவித்தார். திண்டிவனம் பக்கம் திருவக்கரைக்குப் போனால் கல்லாகிக் கிடக்கும் மரங்களின் வயது சுமார் இரண்டு கோடி ஆண்டு. அவற்றில் புளிய மரக் குடும்பத்தவையும் உண்டு. இந்த இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் உலகமே பூத்துவிட்டது.

எப்படி என்பதை எருக்கம்பூவில் கொஞ்சம் பார்க்கலாம். பூவின் நடுவே ஐந்து மூலையுள்ள கிரீடம். மூலைகளுக்கு அருகே மயிரிழைப் பிளவுகள். கருவண்டு தேனுக்காகப் பற்றி ஏறும்போது அதன் கால் பிளவுக்குள் வழுக்கிவிடும். இழுத்து எடுத்தால் மகரந்தம் தூளாக வராது. கொக்கியில் கோத்த இரண்டு மஞ்சள் பைகளாகக் காலில் தொங்கிக்கொண்டு வரும். அடுத்த பூவில் அதே பிளவு அதை வாங்கிக்கொள்ளும். காற்றில் இறைத்து வீணாக்காமல், உரிய இடத்தில் கையோடு கொடுக்கும் ஏற்பாடு.

எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம் பூவுக்குள் நடப்பது. மகரந்தக் குழல் இரண்டு ஆண் அணுக்களைக் கொண்டுபோகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று அந்தக் கருவுக்கான உணவாக, கருவூணாக வளர வழி செய்கிறது. ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் 1898-ல் இதைக் கண்டு சொன்னார். ஊசியிலை மரம் கரு உண்டாகுமா என்று தெரிவதற்கு முன்பே உணவைச் சேர்த்துவைக்கும். பூச்செடி கரு உறுதியான பிறகே பந்தி போடும். தீட்டிய அரிசி ஏறக்குறைய முழுக்க அந்தக் கருவூண்தான். இளநீரும் வழுக்கையும் அதுவே. நெல், கேழ்வரகு, கோதுமை என்று மனிதன் உண்டு வளர்ந்ததெல்லாம் பூவின் இந்த ஏற்பாட்டால்தான். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளை வெட்டிக் கரை கட்டியவர்கள் காத்ததும் நெற்பூவைத்தான். காலையில் ஓரிரு மணி நேரமே திறந்து மூடும் பூ அது. அந்த வயல்கள்தான் இப்போது எங்கள் தெருக்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகு, காலி மனையைச் சுரண்ட ஜேசிபி வரும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. எருக்கிலை தின்னும் வரிப்புழுக்கள் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியாகப் போகிறவை. எருக்கும் அதன் உறவுச் செடிகளும் போனால் அவற்றுக்கு வேறு சாப்பாடு கிடையாது. பக்கத்து மனையில் பூமி பூஜை போட்டவரிடம், "பின்னாடி ஒரு கெஜமாவது சிமென்ட் போடாம விடுங்க சார்" என்று கேட்டேன்.

"பாம்பு வரும்னு வீட்ல பயப்படுறாங்க சார்," என்றார்.

கருவண்டின் காலில் தொங்கும் பைகளை அவருக்கே காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். பின்பக்க மூலையில் நாலடி மண் விடச் சம்மதித்திருக்கிறார். எருக்கு வீட்டுக்கு ஆகாது, வெள்ளெருக்கு என்றால் வைக்கலாம் என்பது அவர் மனைவியின் நிபந்தனை. வெள்ளெருக்கும் அதே இனம்தான்; வண்டுக்கும் புழுவுக்கும் அது போதும். கன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.