சந்தி

அப்பா மூன்று மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கிளட்சை விடும்போது அடியில டொக்குன்னு ஒரு சத்தம் வருதுடா." பழைய அம்பாசிடர், சத்தம் இருக்கத்தானே செய்யும் என்று நான் பொருட்படுத்தவில்லை.

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதிரத் தொடங்கிய பிறகே பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, அடியில் படுத்தார். எஞ்சினின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் முறுக்கினார். ஷாஃப்ட் அசைந்தது, இணைப்பின் மறுபுறம் சற்றுத் தாமதித்தே அசைந்தது. அந்த இடைவெளிதான் சத்தம். இணைப்பைச் சுற்றிச் செந்துரு பொடியாகப் படிந்திருந்தது.

கழற்றுமுன் ஷாஃப்டிலும் ஃபிளாஞ்சிலும் கோடு கீறிக்கொண்டார். பழைய நிலையிலேயே பொருந்தாவிட்டால் சமன் குலைந்து மீண்டும் அதிருமாம். சர்க்கிளிப்புகளை எடுத்துத் தட்டி வெளியேற்றிய 'கிராஸ்' என் உள்ளங்கையில் கிடந்தது. கிரீஸ் வற்றி, ஊசி உருளைகள் அழுந்தி, அதன் நான்கு கால்களிலும் வரிவரியாகப் பள்ளங்கள். புதியதைப் பொருத்தி, எல்லாப் பக்கமும் தடையின்றி அசைகிறதா என்று பார்த்தபின் சொன்னார்: "இது விட்டிருந்தா ஷாஃப்ட் ரோட்டுல விழுந்திருக்கும் சார்."

அந்த இணைப்பு, அப்பா வழக்கமாக அமரும் பின்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது.

இருபது ஆண்டுகளாகப் புணர்ச்சி இலக்கணம் நடத்துகிறேன். நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்தில் செவியை வையுங்கள் என்று மாணவர்களிடம் சொல்லிவருபவன் நான்.

மறுநாள் அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளட்சை விட்டேன். சற்று நேரம் செவிமடுத்திருந்தார்.

"இப்ப இல்லைடா" என்றார்.