மலை இல்லாத ஏரியாவில் ஆன்டெனா

திருவொற்றியூர்ல உயரமா எதையாவது காட்டுன்னு சொன்னா, துறைமுக கிரேனையும் அனல்மின் நிலைய சிம்னியையும்தான் காட்டுவோம். இங்கே இருந்துகொண்டு மலை உச்சிக்கு ரேடியோ தூக்கிட்டுப் போற பைத்தியம் உனக்கு எப்படிடா பிடிச்சதுன்னு ஹாஸ்டல் பசங்க கேக்குறாங்க.

உலகம் பூரா இருக்கிற பைத்தியம்தான். பேரு 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்', சுருக்கமா சோட்டா. 2002 மார்ச்சில் பிரிட்டனில் ஆரம்பித்தது. ஹாம் லைசன்ஸ் உள்ளவர் செட், பேட்டரி, ஆன்டெனா எல்லாத்தையும் சுமந்து உச்சிக்கு ஏறணும். கார்ல உட்கார்ந்து பேசினா செல்லாது, ஜெனரேட்டரும் கூடாது. மேலிருந்து நாலு பேரோடு பேசினால்தான் பாயிண்ட். மலையும் சுற்றியுள்ள நிலத்தைவிட 150 மீட்டர் எழும்பி நிக்கணும், சில இடங்களில் 100 போதும். நம்ம பரங்கிமலை சுமார் 90 மீட்டர். பாவம், அவுட்.

ஏன் ஏறணும்? விஹெச்எஃப் அலை கிட்டத்தட்ட கண்பார்வை மாதிரி நேராகத்தான் போகும். ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கோ, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர்னு வந்துடும். 9 மீட்டர் மொட்டைமாடிக்கு 12 கிலோமீட்டர். 900 மீட்டர் மலைக்கு 124. பிளஸ் டூ ஃபிசிக்ஸில் இதன் அண்ணன் ஃபார்முலாவை இங்கிலீஷில் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினவன் நான். அர்த்தம் புரிஞ்சது ஏலகிரியில்தான்.

போன ஜனவரியில் சீனியர்களோட அங்கே சுவாமிமலை ஏறினோம். மங்கலம் கிராமத்திலிருந்து நடை. கையில் 5 வாட் செட், வீட்டு பல்பைவிடக் குறைவு. லைசன்ஸ் இருந்த அண்ணன் பேசினார். நான் இன்னும் தேர்வு எழுதலை (12 வயசிலேயே எழுதலாமாம்!), அதனால கம்பில் கட்டிய ஆன்டெனாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பெங்களூரிலிருந்து ஒருத்தர் பதில் சொன்னார், பக்கத்து ரூமில் இருந்து பேசுற மாதிரி. எனக்குக் கை நடுங்குச்சு, ஆன்டெனாவும் சேர்ந்து ஆடுச்சு.

வெட்டிப் பொழுதுபோக்குன்னு சிரிக்கிறவங்களுக்கு ஒண்ணு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம்கள் சிலர் அந்தமானிலிருந்து உலகத்தோடு பேசத்தான் போர்ட் பிளேர் போயிருந்தாங்க. 26ஆம் தேதி சுனாமி. தொலைபேசி செத்துப்போன தீவுகளிலிருந்து அவங்க செட் வழியாத்தான் செய்திகள் வெளியே வந்தது. அதே அலை எங்க குப்பத்துக்கும் வந்தது. நான் அப்போ கைக்குழந்தை.

என் தாய்மாமா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போறவர். சாயங்காலம் ஆகியும் வரலைன்னா அத்தை வாசலை விட்டு நகராது. அவர்கிட்ட மரைன் வயர்லெஸ் இருக்கு. எங்க ஹாம் அலைவரிசை வேற, அது வேற, மாத்திப் பேசக்கூடாது. அடிவானம் மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணுதான். போட்டில் நின்னு கையில் பிடிச்சுப் பேசினா 2 மீட்டர் உயரம். ரெண்டு போட்டு பேசிக்க 12 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ரெண்டு பேரும் ஆன்டெனாவை 5 மீட்டர் கம்பில் ஏத்திட்டா 18 கிலோமீட்டர்.

ஏலகிரியிலிருந்து வந்த வாரமே மாமாவுக்கு பேப்பரில் வரைஞ்சு காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"காத்துல கம்பு சாய்ஞ்சா?"

"இழுத்துக் கட்டணும் மாமா, மூணு பக்கமும்."

"எனக்கு மட்டும் கட்டினா பத்தாதுல்ல? எதிர்ல இருக்கவனும் கட்டணும்."

"ஆமா மாமா. நீங்க மட்டும்னா 15தான் வரும்."

பேப்பரை மடிச்சு சட்டைப் பாக்கெட்டில் வெச்சுக்கிட்டார். மறுநாள் காலையில் போன். நாலு போட்டுக்குக் கம்பு வேணும், கேபிள் எத்தனை மீட்டர் வாங்கணும்னு கேட்டார்.