சமவெளிக்காரனின் மலையோட்டம்

புதுவையில் மலை இல்லை. கடற்கரைச் சாலை ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்திற்குப் பலகைபோல் சமமாகக் கிடக்கிறது. ஐம்பத்து நான்காம் வயதில் நான் ஓடத் தொடங்கியது, வாகனங்கள் நுழையாத அதிகாலையில், அங்கேதான். ஆயினும் எனக்கு வேண்டியிருந்தது மேடு. ஆகவே அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலத்தை என் மலையாக வரித்துக்கொண்டேன். கடலோர ஊர்க்காரனுக்கு வேறு வழி ஏது?

மேடு வேண்டியதற்குக் காரணம் உண்டு. எமது பங்கில், மின்தூக்கி இல்லாத கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில் மூதாட்டி ஒருவர் மரணப் படுக்கையில் இருந்தார். நற்கருணையும் நோயாளர் எண்ணெயும் ஏந்தி விரைந்து ஏறினேன். கட்டிலருகே நின்றபோது செபத்தின் முதற்சொல்கூட வாயிலிருந்து எழவில்லை. கண்மூடிக் கிடந்த அவர் என் மூச்சிரைப்பைக் கேட்டு, “மெதுவா மூச்சு வாங்கிக்கிட்டுச் சொல்லுங்க சாமி, நான் இருக்கேன்” என்றார். நான்காம் நாள் அவரை அடக்கம் செய்தோம்.

மேட்டில் ஓடுவது சமவெளி ஓட்டத்தின் கடினமான வடிவம் என்றே எண்ணியிருந்தேன். அது வேறொரு கலை. ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையை மேலே தூக்கியாக வேண்டும். எனவே அடியைக் குறுக்க வேண்டும். இடுப்பை வளைக்காமல் உடல் முழுவதும் சற்றே முன்சாய வேண்டும். பார்வை உச்சியில் அன்று, சில கெஜம் முன்னே நிலைக்க வேண்டும். பேச முடிகிற வேகமே தொடக்கக்காரருக்கு ஏற்ற வேகம் என்பர். என் அளவுகோல் மங்கள வார்த்தைச் செபம். அதைத் தடங்கலின்றிச் சொல்ல முடிந்தால் ஓடலாம். “ஆமென்” மட்டுமே வருமானால் நடக்க வேண்டும். நடப்பதில் இழுக்கில்லை. மலையோட்டப் பந்தய வீரர்களே செங்குத்தான இடங்களில் நடக்கின்றனர்.

குருவுக்கு மலை எதற்கு எனச் சிரித்த நண்பர்களுக்குப் பதினோராம் பத்திநாதரை நினைவூட்டினேன். 1922இல் திருத்தந்தையான அவர், இளங்குருவாக 1889இல் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோந்தே ரோசாவைக் கடினமான கிழக்கு முகம் வழியாக ஏறியவர்.

ஆறு மாதப் பாலப் பயிற்சிக்குப்பின், மார்கழியில் செஞ்சிக்குப் போனேன். நம் புஸ்ஸி வீதிக்குப் பெயர் தந்த தளபதியின் படை, 1750 செப்டம்பரில் ஒரே இரவில் பிடித்த கோட்டை அது. 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் சேர்ந்துள்ளது. இராஜகிரி ஏறக்குறைய 800 அடி. துப்பாக்கி சுமந்து இருளில் ஏறியவர்களை நினைத்தபடி, பாதிக்குமேல் நடந்தே ஏறினேன். குரங்குகள் என்னை முந்திச் சென்றன. உச்சியருகே, பாறைப் பிளவின் மேலுள்ள சிறு பாலத்தில் நின்று மங்கள வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். முழுவதும் வந்தது.

எவரும் எனக்குச் சொல்லாதது இறக்கத்தைப் பற்றி. ஏறும்போது நுரையீரல் உழைக்கிறது. இறங்கும்போது தொடைத்தசை, நீண்டுகொண்டே உடலைத் தாங்கித் தடுக்கிறது. அதில் உண்டாகும் நுண்ணிய சேதத்தின் வலி அன்று தெரிவதில்லை. ஓரிரு நாள் கழித்தே உச்சமடைகிறது. எனக்கு அது ஞாயிறு திருப்பலியில் வந்தது. நற்கருணை வழங்கப் பீடத்தின் மூன்று படிகளை இறங்க வேண்டும். முதற்படியிலேயே தயங்கி நின்றேன். பீடச் சிறுவன் ஒருவன், யாரும் சொல்லாமலே அருகில் வந்து தோளைக் கொடுத்தான்.